பலகாரம் கணக்கில் வராதா?

அமாவாசைக்கும் கிருத்திகைக்கும் 'ஒரு பொழுது' இருக்கும் வீடுகளில் இரவில் சோறு வடிப்பதில்லை. பலகாரம்தான். பலகாரம் என்றால் இட்லி, தோசை, அல்லது ரவை உப்புமா. இட்லி அரிசியில்தான் ஆகிறது என்பது வீட்டில் எல்லோருக்கும் தெரியும். மாவரைத்தவருக்கு இன்னும் நன்றாகவே தெரியும். ஆனாலும் அது சோறு அல்ல. ஆகவே விரதம் முறிவதில்லை. பலகாரம் என்பது 'பலாஹாரம்' என்னும் வடசொல்லின் தமிழ் வடிவம். பழ உணவு என்று பொருள். பழம் மட்டும் உண்டு நோன்பிருந்த காலத்துச் சொல், நாளடைவில் பழத்தை விட்டுவிட்டு இட்லித் தட்டுக்கும் பிறகு எண்ணெய்ச் சட்டிக்கும் வந்து சேர்ந்தது. இன்று தீபாவளிப் பலகாரம் என்று சொல்லும்போது அதில் பழமும் இல்லை, நோன்பும் இல்லை.

இந்தச் சொல்லின் கதை எனக்கு அடிக்கடி நினைவுக்கு வரக் காரணம், என்னைச் சுற்றியிருக்கும் நாற்பது ஐம்பது வயதுக்காரர்களில் பலர் இப்போது 'உணவு மாற்றுப் பொடி' அருந்துகிறார்கள். ஆசிரியர் ஓய்வறையில் மூடி போட்ட குவளையைக் குலுக்கும் சத்தம் கேட்காத மதியமே இல்லை. ஒரு வேளை, இரண்டு வேளை, சிலர் மூன்று வேளையும் உணவுக்குப் பதிலாக இந்தப் பொடியைக் கரைத்துக் குடித்து எடையையும் சர்க்கரையையும் குறைக்க முயல்கிறார்கள். அவர்கள் பேச்சில் ஓயாமல் அடிபடும் சொல் 'கார்ப்'. பொட்டலத்தின் பின்பக்கத்தைக் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு படிக்கிறார்கள். "இதில் இத்தனை கிராம் கார்ப் இருக்கிறதே, குடிக்கலாமா?" என்று ஒருவரை ஒருவர் கேட்டுக்கொள்கிறார்கள்.

நான் மருத்துவன் அல்லன், தமிழ் படித்தவன். ஆனால் இந்தக் கேள்வி தவறான இடத்தில் கேட்கப்படுகிறது என்று எனக்குத் தோன்றுகிறது. பொட்டலத்துக்குள் இருக்கும் மாவுச்சத்து அளந்து போடப்பட்டது. கணக்குத் தவறுவது பொட்டலத்துக்கு வெளியே. அங்கே நாம் தவறவிடுவதற்கு நம் மனவுறுதியைவிட நம் சொற்களே பெரிய காரணம்.

*

முதலில் பொட்டலத்துக்குள் இருப்பதைப் பார்த்துவிடலாம்.

குறைந்த கலோரி உணவு மாற்று முறைக்கு இன்று பெரிய சான்றாகக் காட்டப்படுவது பிரிட்டனில் நடந்த 'டைரக்ட்' என்ற ஆய்வு. ஸ்காட்லாந்திலும் வடகிழக்கு இங்கிலாந்தின் டைன்சைட் பகுதியிலும் உள்ள பொது மருத்துவர்களின் வழியாக நடத்தப்பட்டு, 2017 டிசம்பரில் லான்செட் இதழில் வெளியானது. ராய் டெய்லர், மைக்கேல் லீன் இருவரும் முன்னின்று நடத்தினார்கள். இரண்டாம் வகை நீரிழிவு வந்து ஆறு ஆண்டுகளுக்கு மேல் ஆகாதவர்களுக்கு, மூன்று முதல் ஐந்து மாதம்வரை, வழக்கமான உணவு முழுவதையும் நிறுத்திவிட்டு நாளொன்றுக்கு 825 முதல் 853 கலோரி தரும் பொடிக் கரைசல் மட்டும் கொடுக்கப்பட்டது. பிறகு சிறிது சிறிதாகச் சாதாரண உணவு திரும்பியது. ஓராண்டு முடிவில் 46 விழுக்காட்டினருக்கு மருந்தில்லாமலேயே சர்க்கரை நோய் எல்லைக்குக் கீழே நின்றது. இரண்டாம் ஆண்டில் அது 36 விழுக்காடாகக் குறைந்தது. எடை திரும்பியவர்களுக்கு நோயும் திரும்பியது.

இந்த ஆய்வில் பலரும் கவனிக்காமல் விடும் ஒரு விவரம், அந்தக் கரைசலின் கலோரியில் 59 விழுக்காடு மாவுச்சத்திலிருந்து வந்தது என்பது. புரதம் 26 விழுக்காடு, கொழுப்பு 13 விழுக்காடு. 'கார்ப்' என்றாலே பதறும் நண்பர்களுக்கு இது அதிர்ச்சியாக இருக்கும். இந்தியர்களின் சராசரி உணவில் மாவுச்சத்தின் பங்கு 62 விழுக்காடு என்று இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் 'இந்தியாப்' ஆய்வைக் கொண்டு 2025இல் நேச்சர் மெடிசின் இதழில் வந்த கட்டுரை சொல்கிறது. 59க்கும் 62க்கும் என்ன பெரிய வித்தியாசம்?

விழுக்காட்டில் வித்தியாசமில்லை. கிராமில் இருக்கிறது. 850 கலோரியில் 59 விழுக்காடு என்றால் ஏறக்குறைய 500 கலோரி. ஒரு கிராம் மாவுச்சத்துக்கு 4 கலோரி என்ற கணக்கில் 125 கிராம். 2,000 கலோரி உண்பவருக்கு 62 விழுக்காடு என்றால் 310 கிராம். ஒரே விகிதம், ஆனால் ஒன்று மற்றதில் பாதிகூட இல்லை. உடலுக்கு விழுக்காடு தெரியாது, அளவுதான் தெரியும். திருக்குறளின் 'மருந்து' அதிகாரம் உணவின் வகையைப் பற்றிப் பேசுவதைவிட, செரித்ததா என்று அறிந்து அளவோடு உண்பதைப் பற்றியே அதிகம் பேசுகிறது என்பதைத் தமிழ் வகுப்பில் சொல்லிக்கொடுக்கிறோம். ஓய்வறைக்கு வந்ததும் மறந்துவிடுகிறோம்.

மாவுச்சத்து அறவே கூடாது என்பதும் சரியல்ல. உலக உணவுத் தரக் குழுவான 'கோடெக்ஸ்' 1995இல் வகுத்த விதியின்படி, மிகக் குறைந்த கலோரிக் கரைசல் உணவில் ஒரு நாளுக்கு 50 கிராமுக்குக் குறையாத புரதமும் 50 கிராமுக்குக் குறையாத மாவுச்சத்தும் இருக்கவேண்டும். இதற்குப் பின்னால் ஒரு துயர வரலாறு உண்டு. 1976, 77 ஆண்டுகளில் அமெரிக்காவில் 'திரவப் புரதம்' என்ற உணவு முறை பரவியது. தோலிலிருந்தும் எலும்பிலிருந்தும் எடுத்த தரம் குறைந்த புரதத்தைத் தவிர அதில் ஏறக்குறைய வேறெதுவும் இல்லை. அதை மாதக்கணக்கில் குடித்தவர்களில் ஐம்பதுக்கும் மேற்பட்டோர் இறந்துபோனார்கள். பலருக்கு இதயத் துடிப்பு தாளம் தவறி நின்றது. உணவைக் கழித்துக்கொண்டே போனால் ஆரோக்கியம் கூடிக்கொண்டே போகும் என்ற எண்ணத்தை அந்த மரணங்கள் முடிவுக்குக் கொண்டுவந்திருக்க வேண்டும்.

ஆகவே, முறையாகச் செய்யப்பட்ட பொடியாக இருந்தால் அதன் மாவுச்சத்தைக் கண்டு அஞ்ச வேண்டியதில்லை. முறையாகச் செய்யப்பட்டதா என்று பார்ப்பதுதான் முக்கியம். கடைகளில் உணவு மாற்றுப் பொடியும், புரதப் பொடியும், குழந்தைகளுக்கான ஊட்டச்சத்து பானமும், சத்து மாவும் ஒரே அலமாரியில் இருக்கின்றன. நம்மவர்கள் நான்கையும் ஒன்றாகவே எடுத்துக்கொள்கிறார்கள். 'ஹெல்த் டிரிங்க்' என்று ஒரு வகையே இந்திய உணவுச் சட்டத்தில் இல்லை. அந்தப் பெயரில் பானங்களை விற்க வேண்டாம் என்று இணைய வணிக நிறுவனங்களுக்கு அரசு 2024 ஏப்ரலில் சொல்ல வேண்டியிருந்தது. வீட்டில் அரைக்கும் சத்து மாவு நல்ல பொருள்தான். ஆனால் அதில் முக்கால் பங்கு தானியம். அதை வெல்லம் போட்டுக் காய்ச்சி, "மதியம் கஞ்சி மட்டும்தான், சாப்பாடு இல்லை" என்று சொல்பவர் எதையும் மாற்றவில்லை. சோற்றைக் குடிக்கிறார். 'சர்க்கரை சேர்க்கப்படவில்லை' என்று எழுதியிருக்கும் சில பொடிகளில் மால்டோடெக்ஸ்ட்ரின் இருக்கும். பெயரில் சர்க்கரை இல்லை. ரத்தத்தில் ஏறும் வேகத்தில் அது குளுக்கோஸுக்குச் சளைத்ததல்ல.

*

இனி பொட்டலத்துக்கு வெளியே வருவோம்.

பொடி அருந்தும் நண்பர்களிடம் "வேறென்ன சாப்பிட்டீர்கள்?" என்று கேட்டால் "ஒன்றுமில்லை" என்பார்கள். பொய் சொல்வதில்லை. தமிழில் சாப்பாடு என்பது சோறு. மூன்று தோசை தின்றவரும் "இன்னும் சாப்பிடவில்லை, டிபன்தான் ஆயிற்று" என்று சொல்லும் மொழி நம்முடையது. அதற்குத் தமிழில் நாம் வைத்த பெயரும் சிற்றுண்டி. அதில் 'சிறு' என்பது அளவைக் குறிக்கவில்லை, மரியாதையைக் குறிக்கிறது. டீ உணவே அல்ல, பேச்சுக்குத் துணை. பழம் இயற்கை. பிரசாதத்தைக் கணக்குப் பார்ப்பது பாவம். கல்யாண வீட்டுப் பாயசத்தைக் கணக்குப் பார்ப்பது மரியாதைக் குறைவு.

கணக்குப் பார்த்தால் என்ன ஆகிறது? இரண்டு கரண்டி சர்க்கரை போட்ட பால் டீ ஒன்றில் ஏறக்குறைய 15 கிராம் மாவுச்சத்து. நாளுக்கு மூன்று டீ என்றால் 45. இரவில் "சும்மா ரெண்டே ரெண்டு இட்லி" 24 கிராம். ஒரு வாழைப்பழம் 25 கிராம். ஆக 94 கிராம். பொட்டலத்தின் 125 கிராம் இப்போது 219 ஆகிவிட்டது. 850 கலோரி 1,400ஐ நெருங்கிவிட்டது. அது குறைந்த கலோரி உணவே அல்ல. அவர் எதையும் 'சாப்பிடவும்' இல்லை. பொடியைத் தண்ணீருக்குப் பதிலாகப் பாலில் கலக்கினால் 250 மில்லிக்கு இன்னும் 12 கிராம். மாதக் கடைசியில் எடைக் கருவி அசையாமல் நிற்கும்போது பழி பொடியின் மேல் விழுகிறது.

உண்மையாகவே பொடியை மட்டும் அருந்துபவருக்கும் எடைக் கருவி ஒரு வேடிக்கை காட்டும். மாவுச்சத்து குறைந்ததும் கல்லீரலிலும் தசையிலும் சேமித்துவைத்த கிளைகோஜன் கரைகிறது. ஒரு கிராம் கிளைகோஜன் தன்னோடு ஏறக்குறைய மூன்று கிராம் தண்ணீரைப் பிடித்து வைத்திருக்கும். இரண்டும் சேர்ந்து இறங்குவதால் முதல் வாரத்திலேயே இரண்டு கிலோ குறைந்துவிட்டதாகத் தோன்றும். அது கொழுப்பு அல்ல. பிறகு ஒரு நாள் விருந்துக்குப் போய்ச் சோறு உண்டால் மறுநாள் காலையில் ஒரு கிலோ ஏறியிருக்கும். அதுவும் கொழுப்பு அல்ல. முதலில் இறங்கியதைக் கண்டு கர்வமும் பிறகு ஏறியதைக் கண்டு விரக்தியும் அடைந்து முயற்சியைக் கைவிட்டவர்களை நான் அறிவேன். தண்ணீரின் கணக்கைத் தெரிந்துவைத்திருந்தால் இரண்டும் நேர்ந்திருக்காது.

*

சொல்லும் பொருளும் விலகிப்போவதைப் பற்றி யோசிக்க எனக்கு வாய்த்த இடம் வட்டக்கானல். கொடைக்கானல் ஏரியிலிருந்து சில கிலோமீட்டர் தள்ளி, பழனி மலைத்தொடரின் விளிம்பில், ஏறத்தாழ 2,000 மீட்டர் உயரத்தில் இருக்கும் சிற்றூர். சங்க அகப்பாடல்களில் கானல் என்றால் கடற்கரைச் சோலை. நெய்தல் நிலத்துச் சொல். இங்கே அது குறிஞ்சியின் உச்சியில் வந்து அமர்ந்திருக்கிறது. விடுமுறைகளில் மாணவர்களோடும் நண்பர்களோடும் அங்கே போவதுண்டு.

பல ஆண்டுகளாக இஸ்ரேலிய இளைஞர்கள் வந்து தங்குவதால் 'குட்டி இஸ்ரேல்' என்றே அந்த ஊருக்கு ஒரு பெயர் உண்டு. சிறு கடைகளில் மேகியும் முட்டை ஆம்லெட்டும் விற்கும் அதே பாதையில், தக்காளிக் குழம்பில் உடைத்து ஊற்றிய முட்டையும், கொண்டைக்கடலையை எள்ளோடு அரைத்த ஹும்முஸும், பிட்டா ரொட்டியும் கிடைக்கும். பொடி உணவில் இருக்கும் நண்பர்கள் இங்கே வந்தால் ஒரு விசித்திரம் நடக்கும். சோற்றைக் கண்டு விலகுபவர்கள் பிட்டா ரொட்டியைக் கண்டு விலகமாட்டார்கள். அது வெளிநாட்டு உணவு, ஆகவே 'டயட்'. ஒரு பிட்டாவில் முப்பது கிராமுக்கு மேல் மாவுச்சத்து இருக்கிறது; 100 கிராமுக்குச் சற்று அதிகமான சோற்றுக்குச் சமம். அதே தட்டில் இருக்கும் முட்டைதான் அவர்களுக்கு உண்மையில் உகந்தது. அதை மஞ்சள் கருவை நீக்கித் தின்பார்கள்.

அதே மலையில், இவர்கள் கண்ணில் படாத நல்ல உணவு எவ்வளவோ விளைகிறது. சௌசௌ, பீன்ஸ், முட்டைக்கோஸ், காலிஃபிளவர் எல்லாம் 100 கிராமுக்கு ஐந்தாறு கிராம் மாவுச்சத்துக் காய்கள். கீழ்ப்பழனி மலைப் பக்கம் விளையும் பட்டர் ஃப்ரூட்டில் மாவுச்சத்து எட்டு கிராம் என்றால் அதில் பெரும்பகுதி நார்ச்சத்து. ஆனால் கொழுப்பு அதிகம் என்பதால் கலோரியில் எண்ண வேண்டும். உருளைக்கிழங்கும் இதே மலையில்தான் விளைகிறது; அது 'காய்' என்ற பெயரில் தட்டுக்கு வரும் தானியம். அதைப் பொரியலாக்கிச் சோற்றுக்குத் தொட்டுக்கொள்ளும் வழக்கத்தை வேற்று நாட்டு உணவியலாளர் பார்த்தால், மாவுக்கு மாவைத் தொட்டுக்கொள்கிறார்களே என்று வியப்பார். மலை இறங்கினால் பழனி. விருப்பாச்சி மலைவாழைப்பழமும் வெல்லமும் பேரீச்சையும் கற்கண்டும் தேனும் நெய்யும் சேர்ந்த பஞ்சாமிர்தம். நெற்றியில் நீறும் நாக்கில் ஒரு துளியும் வைத்துக்கொண்டால் ஒன்றும் ஆகிவிடாது. டப்பாவாக வாங்கிவந்து இரவு பத்து மணிக்குக் கரண்டியோடு உட்கார்வதற்குப் பெயர் பக்தி அல்ல.

தினையைப் பற்றியும் சொல்லவேண்டும். பழனி மலை பொதினி என்ற பெயரில் சங்கப்பாடல்களில் வருவது. மயிலுக்குப் போர்வை கொடுத்த பேகனின் நாடு. தினைப்புனம் காக்கும் பெண்ணில்லாமல் குறிஞ்சிப் பாடல் இல்லை. 2023ஐ ஐ.நா. சிறுதானிய ஆண்டாக அறிவித்தபிறகு, தினையும் சாமையும் வரகும் மருந்துபோலப் பேசப்படுகின்றன. தமிழ் படித்தவர்களுக்கு இதில் கூடுதல் பெருமிதம். பெருமிதம் இருக்கட்டும்; கணக்கும் இருக்கட்டும். தீட்டிய அரிசி 100 கிராமில் மாவுச்சத்து 78 கிராம் என்றால் தினையில் ஏறத்தாழ 60, கேழ்வரகில் 67 முதல் 72. நார்ச்சத்து கூடுதல், சர்க்கரை ஏறும் வேகம் சற்றுக் குறைவு, தாதுக்கள் உண்டு, எல்லாம் உண்மை. ஆனால் நான் மேலே சொன்ன 2025ஆம் ஆண்டுக் கட்டுரையே, தீட்டிய தானியத்துக்குப் பதிலாக முழுக்கோதுமை மாவுக்கோ சிறுதானிய மாவுக்கோ மாறுவதால் மட்டும், மொத்த மாவுச்சத்தைக் குறைக்காதவரை, நீரிழிவின் ஆபத்து குறையவில்லை என்கிறது. தினை உண்டவர்கள் மலையேறிப் புனம் காத்தார்கள். நாம் தினைப் பொங்கலைத் தின்றுவிட்டுத் தினைப் பாடலை நாற்காலியில் அமர்ந்து நடத்துகிறோம்.

*

சென்ற ஆண்டு எங்களோடு வட்டக்கானலுக்கு வந்த ஒரு நண்பருக்கு நேர்ந்ததை இங்கே சொல்வது பயன்படும். எட்டு ஆண்டுகளாகச் சர்க்கரை; கிளிமிபிரைடு மாத்திரை போடுபவர். மருத்துவரிடம் சொல்லாமல் தாமாகவே இரண்டு வாரமாகப் பொடிக்கு மாறியிருந்தார். மிகக் கறாரானவர், டீயைக்கூட விட்டிருந்தார். காலையில் வழக்கம்போல் மாத்திரை, வழக்கம்போல் பொடி. டால்பின் நோஸ் பாறைவரை இறங்கிவிட்டு மேலே ஏறும்போது பாதி வழியில் வியர்த்துக் கொட்டியது, கை நடுங்கியது, கேட்டதற்குச் சம்பந்தமில்லாமல் பதில் சொன்னார். வழியில் மாங்காயும் எலுமிச்சை டீயும் விற்றுக்கொண்டிருந்த அம்மா எங்களைவிட விரைவாகப் புரிந்துகொண்டார்.

"காலையில என்னங்க சாப்பிட்டாரு?"

"பொடிங்க."

"பொடியா? இட்லி எத்தனை?"

இட்லி இல்லை, பொடி மட்டும்தான் என்று விளக்க நேரமில்லை. அவர் சர்க்கரை டப்பாவைத் திறந்து மூன்று கரண்டியைத் தண்ணீரில் கலக்கிக் குடிக்கச் சொன்னார். கால்மணி நேரத்தில் நண்பர் தெளிந்தார். அந்த அம்மா டப்பாவை மூடிக்கொண்டே, "மாத்திரைய போட்டுட்டு வெறும் வயித்தோட மலை ஏறலாமா சார்?" என்றார்.

நான் படித்த எந்த எச்சரிக்கையைவிடவும் அது துல்லியமானது. கிளிமிபிரைடு போன்ற மாத்திரைகளும் இன்சுலினும் நீங்கள் எவ்வளவு மாவுச்சத்து உண்டீர்கள் என்று கேட்டுவிட்டு வேலை செய்வதில்லை. 310 கிராம் உண்பவருக்காக எழுதப்பட்ட மாத்திரை 125 கிராம் உண்பவரிடம் அதே பலத்தோடு வேலை செய்தால் சர்க்கரை பாதாளத்துக்குப் போகும். டைரக்ட் ஆய்வில் முதல் நாளிலேயே நீரிழிவு மாத்திரைகளையும் ரத்த அழுத்த மாத்திரைகளையும் மருத்துவர்களே நிறுத்திவிட்டுத்தான் கரைசலைத் தொடங்கினார்கள் என்பதை அந்த ஆய்வைப் பற்றிய வாட்ஸ்அப் செய்திகள் சொல்வதில்லை. டாபாகிளிஃப்ளோசின் வகை மாத்திரைகளில் இன்னொரு ஆபத்து. 2020இல் காப்புரிமை முடிந்தபின் விலை குறைந்து இங்கே பரவலாகப் புழங்கும் மருந்து அது. அதைப் போட்டுக்கொண்டு மாவுச்சத்தை ஒரேயடியாக வெட்டினால், ரத்தத்தில் சர்க்கரை அதிகம் ஏறாமலேயே அமிலத்தன்மை ஏறி உயிருக்கு ஆபத்தாகும் நிலை வரக்கூடும். குளுக்கோமீட்டரைப் பார்த்து நிம்மதியாக இருக்கும்போதே அது நேரலாம். மாத்திரை போடுபவர் மருத்துவரைக் கேட்காமல் பொடிக்கு மாறக்கூடாது. இதில் மாற்றுக்கருத்துக்கு இடமில்லை என்பது என் எண்ணம்.

*

மருத்துவர்களும் ஒரே சுருதியில் பேசியதில்லை என்பதையும் சொல்லவேண்டும். சர்க்கரை நோயாளிக்குச் சோறு ஆகாது, சப்பாத்திதான் என்று ஒரு தலைமுறை முழுவதும் நம்பியது. நம்முடைய முதல் 'உணவு மாற்று' அந்தச் சப்பாத்திதான். கோதுமை மாவிலும் 100க்கு 70 கிராம் மாவுச்சத்து என்பதை யாரும் கேட்கவில்லை. 1948இல் சென்னை ஸ்டான்லி மருத்துவமனையில் நீரிழிவுக்கெனத் தனிச் சிகிச்சைப் பிரிவு தொடங்கிய பேராசிரியர் எம்.விசுவநாதன், 1970களின் பிற்பகுதியிலும் 80களிலும் தம் மாணவர்களோடு சேர்ந்து, நார்ச்சத்து மிகுந்ததாக இருந்தால் மாவுச்சத்து மிகுந்த உணவும் நம் நோயாளிகளுக்கு ஒத்துவரும் என்று காட்டினார். தென்னிந்தியர் உண்ணும் உணவை விட்டு விலகாமல் வைத்தியம் பார்க்க எடுத்த முயற்சி அது. பிறகு ஆலைகள் அரிசியை மேலும் மேலும் தீட்டின. நார் தவிட்டோடு போயிற்று. இந்த நூற்றாண்டின் தொடக்கத்தில் சென்னையில் நடந்த ஆய்வு, நகரவாசிகளின் கலோரியில் ஏறக்குறையப் பாதி தீட்டிய தானியங்களிலிருந்தே வருகிறது என்று கண்டது. 2022இல் டயபடிஸ் கேர் இதழில் சென்னை ஆய்வாளர்கள் வெளியிட்ட கணக்கு, புதிதாக நோய் கண்டவர்கள் அதிலிருந்து மீள மாவுச்சத்து 49 முதல் 54 விழுக்காடு வரையிலும் புரதம் 20 விழுக்காடு அளவிலும் இருந்தால் போதும் என்கிறது. பூஜ்யம் என்று அவர்களும் சொல்லவில்லை.

பொடி என்பது சில மாதங்களுக்கான சிகிச்சை. அதற்குப் பின்னாலும் வாழ்க்கை இருக்கிறது. டைரக்டில் 46 விழுக்காடு 36 ஆனது பொடியின் தோல்வியால் அல்ல. பொடியிலிருந்து தட்டுக்குத் திரும்பிய பயணத்தில். நமக்கு அந்தத் தட்டு இன்னும் கடினமானது. தமிழ்நாட்டில் நூற்றுக்கு 14 பெரியவர்களுக்கு நீரிழிவு என்கிறது 2023இல் வந்த இந்தியாப் ஆய்வு. இங்கே அரிசிக் குடும்ப அட்டைக்கு 2011 ஜூன் முதல் அரிசி இலவசம். பல குடும்பங்களுக்கு மாதம் 20 கிலோ வரை. பருப்பு ஒரு கிலோ, அதுவும் காசுக்கு. பசியை ஒழித்த அரிசி அது. அதைக் குறைசொல்ல எனக்கு மனம் வராது. ஆனால் 20க்கு ஒன்று என்ற அந்த விகிதம்தான் நம் தட்டின் விகிதமாகவும் இருக்கிறது. வட்டக்கானலின் சரிவில் கேரட் மூட்டை சுமப்பவருக்கும் இன்று சர்க்கரை வருகிறது. டப்பாப் பொடியின் விலை அவருடைய பல நாள் கூலி. அவருக்கு யாரும் பொடியைப் பரிந்துரைக்கப் போவதில்லை. சோற்றைக் குறையுங்கள் என்று மட்டும் சொல்வார்கள். குறைத்த இடத்தில் எதை வைப்பது என்ற கேள்விக்கு அரசு பதில் சொல்லவேண்டும். பருப்பும் முட்டையும் கடலையும் நியாயவிலைக் கடையில் கூடுதலாக வராதவரை, மாவுச்சத்தைக் கணக்குப் பார்க்கச் சொல்வது வசதி உள்ளவர்களுக்கான அறிவுரையாகவே இருக்கும்.

வசதி உள்ள நமக்கோ வேறு ஒரு வேலை இருக்கிறது. நம் மருத்துவமனைகள் அச்சடித்துத் தரும் உணவுத் தாளில் 'காலை: சிற்றுண்டி, மாலை: சிறுதீனி' என்று எழுதியிருப்பதை நான் பார்த்திருக்கிறேன். அந்தச் சொற்களை எடுத்துவிட்டு 'இட்லி 2, சர்க்கரையில்லாத டீ 1' என்று எழுதச் சொல்லவேண்டும். பொடி உணவில் இருப்பவர் தம் குறிப்பேட்டில் பொடியை எழுத வேண்டாம். அது டப்பாவிலேயே எழுதியிருக்கிறது. பொடியைத் தவிர வாய்க்குள் போன எல்லாவற்றையும் எழுதவேண்டும்: டீ, பழம், பிரசாதம், பேரனின் தட்டில் மீந்த தோசை, பக்கத்து வீட்டுக் கிருத்திகைப் பாயசம். எழுதும்போது பலகாரம் என்று எழுதாமல் இட்லி என்றும் எத்தனை என்றும் எழுதவேண்டும். இன்னொன்றும் உண்டு. நம் வீட்டுக்கு வருபவர் "வேண்டாம், பொடி குடிக்கிறேன்" என்று சொன்னால், "ஒன்றே ஒன்று, இதெல்லாம் கணக்கில் வராது" என்று இலையில் வைக்காமல் விட்டுவிடுவதும் விருந்தோம்பல்தான்.